முத்திரையிலும் நாணயத்திலும் ‘சர்சார்ஜ்’: வாசகர் கேள்வி, எமது பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றி நிற்கின்றன: சர்சார்ஜ். முத்திரை சேர்ப்பவர் ஒன்றை நினைத்து அதைச் சொல்கிறார், தபால்காரர் இன்னொன்றை நினைத்துச் சொல்கிறார், நாணயம் விற்பவர் மூன்றாவது ஒன்றை நினைத்துச் சொல்கிறார். அதனால் இந்த இதழின் முழு இடத்தையும் அந்தக் கேள்விகளுக்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி (நல்லூர்): இலங்கை முத்திரைப் பட்டியலில் சில இடங்களில் ஓவர்பிரின்ட் என்றும் சில இடங்களில் சர்சார்ஜ் என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றா? என்னிடமுள்ள பிரெஞ்சுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் சர்சார்ஜ் என்றே இருக்கிறதே?

பதில்: அச்சடித்து முடிந்த முத்திரையின் மேல் பிறகு எதை அடித்தாலும் அது மேலச்சு, அதாவது ஓவர்பிரின்ட். அந்த மேலச்சு முத்திரையின் விலையை மாற்றினால்தான் அதைச் சர்சார்ஜ் என்கிறோம். 1947இல் இந்திய முத்திரைகளின் மேல் ‘பாகிஸ்தான்’ என்று அடித்தார்கள். அணாக் கணக்கு மாறவில்லை, ஆகவே அது வெறும் மேலச்சு. 1940இல் இலங்கையின் 20 சத முத்திரையில் ‘3 சதம்’ என்று அடித்தார்கள். அது சர்சார்ஜ். அடுத்த ஆண்டே 6 சத முத்திரையிலும் அதே 3 சதம் விழுந்தது.

பிரெஞ்சுக்காரரின் மொழியில் ‘சர்சார்ஜ்’ என்பது மேலச்சு முழுவதற்கும் பொதுச்சொல். விலை மாறினாலும் மாறாவிட்டாலும் அவர்களுக்கு அது சர்சார்ஜ்தான். உங்கள் பட்டியலில் புதுச்சேரிப் பக்கத்தைப் பாருங்கள். பிரெஞ்சு இந்திய முத்திரைகளில் 1923 முதல் பிராங்குக் கணக்குக்குப் பதிலாக ‘கஷ்’, ‘பனோன்’, ‘ரூப்பி’ என்று புதிய விலை அச்சிட்டார்கள். கஷ் என்பது எங்கள் காசு, பனோன் எங்கள் பணம். 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். இது ஆங்கிலப் பட்டியலிலும் சர்சார்ஜ். அதே நாட்டு முத்திரைகளில் 1941இல் விழுந்த ‘பிரான்ஸ் லீப்ர்’ (சுதந்திர பிரான்ஸ்) என்ற சொல் ஆங்கிலப் பட்டியலில் ஓவர்பிரின்ட், பிரெஞ்சுப் பட்டியலில் சர்சார்ஜ். குழப்பம் உங்களுடையதல்ல.

ஏன் இப்படி அடிக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இலங்கை முத்திரை பல தசாப்தங்கள் லண்டனில் அச்சாகிக் கப்பலில் வந்தது. தபால் கட்டணம் மாறினால் புதிய விலையில் முத்திரை உடனே வேண்டும், கப்பலோ மாதக்கணக்கில் வரும். கையில் தேங்கியிருக்கும் பழைய தாள்களை எடுத்துக் கொழும்பிலேயே புதிய விலையை அடித்துவிடுவது வழி. 1882இல் 24 சதத்தின் மேல் பதினாறு சதமும் 64 சதத்தின் மேல் இருபது சதமும் அடித்தது இந்த வகையில் முதலாவது. 1885இல் அது வெள்ளமாக வந்தது. ‘ஐந்து சதம்’ என்ற ஒரே சொல்லை 8, 16, 24 என்று தொடங்கி 96 சதம்வரை பல விலைகளின் மேல் அடித்தார்கள். இலங்கை சேகரிப்பில் மிகக் கடினமான பக்கமும் மிகச் சுவையான பக்கமும் இதுதான். அதே அடிமுத்திரை, அதாவது மேலச்சு விழுமுன் இருந்த மூல முத்திரை, இரண்டு வகை நீர்க்குறியில் (தாளுக்குள் பதிந்த அடையாளம்) வரும், துளைக் கணக்கும் (ஓரத் துளைகளின் நெருக்கம்) இரண்டு வகையில் வரும். ஒன்று சில ரூபாவுக்குக் கிடைக்க, பக்கத்தில் அதேபோல் தெரிகிற மற்றது எட்டாத விலைக்குப் போகும்.

1918ஆம் ஆண்டு முத்திரைகளை வைத்திருந்தால் வித்தியாசம் கண்ணாலேயே விளங்கும். 2, 3, 5 சதங்களில் ‘வோர் ஸ்டாம்ப்’ (போர் முத்திரை) என்று மட்டும் அடித்தவை மேலச்சு. 5 சதத்தில் ‘வோர் ஸ்டாம்ப், ஒன் சென்ட்’ என்று அடித்ததில் மேலச்சும் சர்சார்ஜும் ஒன்றாக நிற்கின்றன. அதே 5 சதத்தில் ‘ஒன் சென்ட்’ மட்டும் அடித்ததும் உண்டு, அது தனிச் சர்சார்ஜ். மூன்றையும் ஒரே வரிசையில் ஒட்டிவைத்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

கேள்வி (மானிப்பாய்): 1956ஆம் ஆண்டுப் புத்த ஜயந்தி முத்திரைகளில் ‘4 + 2’ என்று ஒன்று இருக்கிறது. அதே முத்திரையில் கறுப்புக் கோடு அடித்த ஒன்றும் அப்பாவின் அல்பத்தில் இருக்கிறது. யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று எறியப் பார்த்தேன்.

பதில்: எறியவேண்டாம். சர்சார்ஜ் என்ற சொல்லின் இரண்டாவது பொருள் அந்த முத்திரையில்தான் இருக்கிறது. கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள 4 சதம் தபாலுக்கு, பின்னால் உள்ள 2 சதம் நிதிக்கு. வாங்குபவர் 6 சதம் கொடுப்பார், கடிதத்தில் அது 4 சதத்துக்கு மட்டுமே செல்லும். இந்த மேலதிகத் தொகையையும் சர்சார்ஜ் என்றே ஆங்கிலத்தில் எழுதுவார்கள். இங்கே மேலச்சு எதுவும் இல்லை, முத்திரை அச்சாகும்போதே ‘+2’ சேர்ந்து அச்சாகிவிட்டது. அதன் தோழன் 10 + 5 சதம்.

1958இல் இந்த இரண்டு முத்திரைகளிலும் மேலதிகத் தொகையை மட்டும் கோடு அடித்து மறைத்து, 4 சதத்துக்கும் 10 சதத்துக்கும் சாதாரண முத்திரையாக விட்டார்கள். உங்களிடம் இருப்பது அதுவாக இருக்கவேண்டும். ஆக, சர்சார்ஜோடு பிறந்த முத்திரை மேலச்சால் சர்சார்ஜை இழந்தது. இரண்டு பொருளும் மோதுகிற இப்படியான முத்திரை உலகத்திலேயே அதிகம் இல்லை, அது எங்கள் நாட்டு முத்திரையாக இருப்பதில் எமக்குப் பெரிய மகிழ்ச்சி. கோடு கையால் இழுத்ததா அச்சில் விழுந்ததா என்று மட்டும் உருப்பெருக்கியால் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோட்டின் விளிம்பு நேராக நிற்கும். பேனைக்கோட்டின் விளிம்பு தாளின் நாரோடு கசிந்து ஓடும்.

நிதிக்காக விலை கூட்டி விற்கும் வழக்கம் 1897இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கியது. 1 பென்ஸ் முத்திரையை 1 ஷில்லிங்குக்கு, அதாவது 12 மடங்குக்கு, விற்றார்கள். பின்னால் வந்த நாடுகள் அவ்வளவு பேராசைப்படவில்லை. நிதித் தொகை முகவிலையில் பாதியைத் தாண்டினால் அந்த முத்திரையைக் கடிதத்தில் ஒட்டியதை விட அல்பத்தில் ஒட்டியதே அதிகம் என்று எண்ணலாம். ஆகவே உண்மையாகத் தபாலில் போன பிரதி கிடைத்தால் அதை விடாதீர்கள்.

கேள்வி (சாவகச்சேரி, பாடசாலை மாணவர்): கனடாவிலிருந்து மாமா போட்ட பழைய கடிதத்தில் ‘டி’ (T) என்ற எழுத்து வட்டத்துக்குள் அடித்திருக்கிறது. அம்மா ‘அது சர்சார்ஜ் அடிச்ச கடிதம், காசு குடுத்துத்தான் எடுத்தனாங்கள்’ என்கிறா. அதுவும் இதுதானா?

பதில்: அம்மா சொல்வதும் சரி, தம்பி. ஆனால் அது தபால்காரரின் சர்சார்ஜ். முத்திரை குறைவாக ஒட்டிய கடிதத்தைப் பெறுபவரிடம் தண்டமாக அறவிடும் தொகை அது. பழைய வழக்கம் குறைவின் இரட்டிப்பை அறவிடுவது. சர்வதேசத் தபாலில் அதன் அடையாளம் ‘டி’. பக்கத்தில் பின்னம் எழுதியிருக்கிறதா பார். இருந்தால் மேல் எண் குறைவையோ, பழைய விதிப்படி அதன் இரட்டிப்பையோ காட்டும், கீழ் எண் அனுப்பிய நாட்டின் கடிதக் கட்டணத்தைக் காட்டும். இங்குள்ள தபாலகம் அந்தப் பின்னத்தை எங்கள் நாட்டுக் கட்டணத்தால் பெருக்கி ரூபாவில் அறவிடும்.

உறையிலிருந்து முத்திரையைப் பிய்க்காதே. பிய்த்தால் சாதாரண கனடா முத்திரை ஒன்று கிடைக்கும். அப்படியே வைத்தால் எவ்வளவு ஒட்டினார், எவ்வளவு குறைந்தது, இங்கே எவ்வளவு கட்டினார்கள் என்று மூன்றையும் சொல்லும் தபால் ஆவணம் உன்னிடம் இருக்கும்.

கேள்வி (சுன்னாகம்): இணையத்தில் ஒருவர் தலைகீழாகச் சர்சார்ஜ் விழுந்த இலங்கை முத்திரையை நல்ல விலைக்கு விற்கிறார். வாங்கலாமா? கள்ள அச்சை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பட்டியலில் அப்படி ஒரு பிழை பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலில் முத்திரை எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் தலைகீழ், இரட்டை, ஒரு சோடியில் ஒன்றில் விடுபட்டது என்று வரிசையாகத் தருவார்கள். அங்கே இல்லாத பிழை உங்களுக்கு முதன்முதலாகக் கிடைப்பது அரிது. இல்லாத பிழையை ஒருவர் செய்து விற்பது அரிதல்ல.

அடுக்குகளின் வரிசையை மனதில் வைத்துப் பாருங்கள். உண்மையான முத்திரையில் அடியில் தாள், அதன் மேல் முத்திரையின் மை, அதன் மேல் சர்சார்ஜ் மை, எல்லாவற்றுக்கும் மேல் தபால் அடியின், அதாவது தபாலகம் குத்தும் திகதி அடையாளத்தின், மை. கள்ள அச்சுக்காரர் பெரும்பாலும் மலிவான பாவித்த முத்திரையைத்தான் எடுப்பார். அவர் சர்சார்ஜ் அடிக்கும்போது தபால் அடி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆகவே அவருடைய மை தபால் அடிக்கு மேலே ஏறிவிடும். 10 மடங்கு உருப்பெருக்கியோடு சாளரத்தின் பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைப் பாருங்கள். எந்தக் கோடு இடைவெட்டில்லாமல் ஓடுகிறதோ அதுவே மேலே இருக்கிறது. இரண்டும் கறுப்பாக இருந்தால் 20 அல்லது 30 மடங்கு வேண்டும். அப்போதும் விளங்காவிட்டால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து தபால் அடியின் திகதி. சர்சார்ஜ் வெளியான நாளுக்கு முந்திய திகதி அடித்திருந்தால் அதோடு விசாரணை முடிந்தது. யாழ்ப்பாணம், பருத்தித்துறை போன்ற ஊர்ப்பெயர் தெளிவாகத் தெரிகிற பிரதிகளில் இது இலகு. திகதியே விழாத மூலைத்துண்டு அடியை மட்டும் வைத்து விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

பிறகு அச்சு முறை. பழைய சர்சார்ஜ்கள் ஈய எழுத்துக் கோர்த்து அழுத்தி அடித்தவை. எழுத்து தாளைக் குத்தும், பின்பக்கத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய புடைப்புத் தெரியும். மையும் எழுத்தின் விளிம்புக்கு ஒதுங்கி ஒரு கரையாக நிற்கும். லேசர் அச்சில் எழுத்து தாளின் மேல் உருகி ஒட்டிய பொடியாகப் பளபளக்கும், சுற்றிலும் தூசு போன்ற புள்ளிகள் சிதறியிருக்கும். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் விளிம்பு புள்ளி புள்ளியாக உடையும். தாளைக் குத்தாத ‘1885’ என்றால் நம்பவேண்டாம்.

பின் அளவு. எழுத்தின் உயரம், வரிகளுக்கிடையே உள்ள தூரம், பழைய விலையை மறைக்கும் கோட்டின் நீளம் ஆகியவற்றை மில்லிமீற்றரில் எடுத்துச் சந்தேகமில்லாத பிரதியோடு ஒப்பிடுங்கள். 1926ஆம் ஆண்டின் 3 சதத்தில் 2 சதம், 6 சதத்தில் 5 சதம் போன்ற மலிவான சர்சார்ஜ்களை ஆளுக்குப் பத்து வாங்கி வைத்துக் கண்ணைப் பழக்குவது இந்தத் தொழிலில் நல்ல பயிற்சி. உண்மையை நூறு தரம் பார்த்தவருக்குப் பொய் முதல் பார்வையிலேயே உறுத்தும்.

அடிமுத்திரையையும் மறக்காதீர்கள். கள்ள அச்சுக்காரர் சர்சார்ஜில் காட்டும் கவனத்தை நீர்க்குறியில் காட்டுவதில்லை. பழைய இலங்கை முத்திரையில் அரச கிரீடத்துக்குக் கீழே ‘சீ சீ’ என்ற ஆங்கில எழுத்து, 1882 அளவிலிருந்து ‘சீ ஏ’, 1904இலிருந்து அதே குறி தாள் முழுக்கப் பலமுறை, 1921இலிருந்து அந்த எழுத்துகள் சாய்ந்த கையெழுத்து வடிவில் என்று நீர்க்குறி மாறிவந்தது. முத்திரையை முகம் கவிழ்த்துக் கறுப்புத் தட்டில் வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். தெரியாவிட்டால் லைட்டருக்கு ஊற்றும் எரிதிரவம் இரண்டு துளி விடலாம், குறி கறுப்பாக எழும்பும். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். பளபளப்பான புதிய முத்திரைகளில் செய்யவேண்டாம், சிலவற்றின் மை அதில் கரையும். துளைக் கணக்கு 2 சென்ரிமீற்றருக்கு எத்தனை துளை என்பது. 14 என்று பட்டியல் சொல்ல உங்கள் கையில் 12½ இருந்தால் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

இரட்டை அச்சு என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இரட்டை அல்ல. தாள் அச்சின் கீழ் வழுக்கினால் எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நிழல் விழும், அது வழுக்கல். ஈர மை பின்னால் வைத்த தாளில் ஒட்டினால் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம்வலம் மாறிய எழுத்து முத்திரையின் பின்பக்கத்தில் வரும், அது மை ஒட்டல். உண்மையான இரட்டையில் இரண்டு முழு எழுத்துகள், இரண்டுக்கும் தனித்தனி அழுத்தம் இருக்கும். சொல்லே தவறி விழுந்ததும் உண்டு: 1921இல் இந்தியாவின் 1 அணா முத்திரையை ஒன்பது ‘பை’ (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) விலைக்கு மாற்றியபோது சிலவற்றில் ‘நைன் நைன்’ என்றும் சிலவற்றில் ‘பைஸ் பைஸ்’ என்றும் விழுந்தது. அது அச்சுக் கோர்த்தவரின் கையால் வந்த உண்மையான பிழை.

இவ்வளவும் பார்த்த பிறகும் விலை உங்கள் கைக்குப் பெரிதென்றால் சான்றிதழ் உள்ளதை மட்டும் வாங்குங்கள். லண்டனிலுள்ள ரோயல் பிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு படத்தோடு சான்றிதழ் தருகிறது. சான்றிதழ்ப் படத்திலுள்ள துளைப் பற்களும் கையிலுள்ள முத்திரையின் துளைப் பற்களும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். சான்றிதழ் உண்மையாகவும் முத்திரை வேறாகவும் இருப்பதும் நடக்கிறது.

கேள்வி (பருத்தித்துறை): உறையிலிருந்த முத்திரைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊதா நிறச் சர்சார்ஜ் ஒன்று கரைந்துவிட்டது, சிலவற்றில் வெள்ளைப் படலம் பிடித்திருக்கிறது. மாரி காலத்தில் மற்றவையும் ஒட்டிக்கொள்கின்றன.

பதில்: மூன்றும் மூன்று காரணம். கைமுத்திரையால் அடித்த ஊதா, சிவப்பு மேலச்சுகள் அனிலின் சாய மையால் ஆனவை, தண்ணீரில் கரையும். ஊறவைக்க முன் ஈரமான வெள்ளைப் பஞ்சு நுனியால் எழுத்தின் ஒரு கோடியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் உறையோடேயே வெட்டி, ஓரம் விட்டு வைத்துவிடுங்கள். விக்டோரியா, எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து ஊதா, பச்சை முத்திரைகளின் சொந்த மையும் கரையும். அவற்றை அச்சடித்த டி லா ரூ நிறுவனம் வேண்டுமென்றே அப்படிச் செய்தது. பேனையால் வெட்டிய முத்திரையைக் கழுவித் திரும்பப் பாவிப்பதைத் தடுக்க அந்த மை. இலங்கையில் ஒரே முத்திரை தபாலுக்கும் வருமானத்துக்கும் செல்லுபடியானதால், உறுதியில் ஒட்டிப் பேனையால் கையொப்பம் இட்ட பெரிய விலை முத்திரைகள் ஏராளம். அவற்றைக் கழுவிப் ‘புதியது’ என்று விற்பார்கள். நிறம் வெளிறி, முகம் சற்று மங்கலாக இருந்தால் சந்தேகியுங்கள்.

வெள்ளைப் படலம் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தலில் எப்படிப் படியுமோ முத்திரையிலும் அப்படியே படியும். ஊறவைக்கக் கிணற்றுத் தண்ணீர் போதும், கடைசியாக அலசுவதற்கு மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த போத்தல் தண்ணீரோ எடுங்கள். நிறமுள்ள உறைத் துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். சிவப்பு உறை ஒன்று நூறு முத்திரைகளைப் பழுதாக்கும். குளிர்ந்த அல்லது கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் விட்டால் முத்திரை தானாகக் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் விடுங்கள், இழுக்காதீர்கள். இடுக்கியால் எடுத்துப் பின்பக்கப் பசையை விரல் நுனியால் வழித்து, முகம் கவிழ்த்து வெள்ளை ஒற்றுத்தாளில் பரப்புங்கள். பத்திரிகைத்தாளில் பரப்பினால் அதன் மை முத்திரையில் ஏறும். அரை ஈரத்தில் இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு இடையில் வைத்துக் கனமான புத்தகத்தின் கீழ் ஒரு நாள் விடுங்கள்.

ஒட்டிக்கொள்வதற்கு வாடைக்காற்றின் ஈரம் காரணம். பசையுள்ள புதிய முத்திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவேண்டாம், இடையே கிளாசீன் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள் வையுங்கள். அல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கடற்கரைப் பக்க வீட்டில் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், உள்சுவர்ப் பக்கம் நல்லது. ஐப்பசி தொடங்கமுன் மூடியிறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, மாரி முடியும்வரை வெயில் எறித்த உலர்ந்த நாளில் மட்டும் திறந்து பாருங்கள். இராமபாணப் பூச்சி பசையைத்தான் தேடும். பூச்சி உருண்டை போடுவதென்றால் பெட்டியின் மூலையில் துணிப்பைக்குள் போடுங்கள், பிளாஸ்ரிக் பக்கத்தைத் தொடக்கூடாது.

கேள்வி (கொக்குவில்): நாணயத்தில் சர்சார்ஜ் உண்டா? உருக்கி அடித்த காசின் மேல் எப்படி விலை மாற்றுவார்கள்?

பதில்: உண்டு. நாணயக்காரர் அதைக் கவுண்டர்மார்க் என்பார்கள், நாம் மேல்முத்திரை என்போம். சிறிய உருக்கு அச்சை நாணயத்தின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. புதிய ஆட்சியின் பெயரோ புதிய விலையோ அங்கே குழியாக விழும்.

எங்கள் தீவில் போர்த்துக்கேயர் வெளியிட்ட வெள்ளி டங்காக்களில் ஒல்லாந்தர் தங்கள் கம்பனியின் பின்னிய எழுத்தை அடித்துப் புழங்கவிட்டார்கள். புதிதாக நாணயம் அடிக்கும் செலவில்லாமல் பழைய காசைத் தமதாக்கிய முறை அது. கந்தரோடையில் கிடைத்த பழைய முத்திரை குத்திய வெள்ளிக்காசுகளிலும் பல சின்னங்கள் உண்டு. ஆனால் அவை நாணயம் பிறக்கும்போதே குத்தியவை. அவற்றின் பின்பக்கத்தில் பின்னர் வணிகர் குத்திய சிறு அடையாளங்கள் வெள்ளியைச் சோதித்ததற்கு, விலை மாற்றியதற்கல்ல. சீனத்து வணிகர் ஸ்பானிய டொலரில் குத்திய ‘சொப்’ அடையாளமும் அப்படித்தான். இவற்றைச் சர்சார்ஜ் என்று சொல்லி விற்பவர் சொல்லைத் தவறாகப் பாவிக்கிறார்.

விலை மாற்றியதற்கு மிகச் சிறந்த உதாரணம் இங்கிலாந்து. 1797இல் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது ஸ்பானிய 8 ரியால் நாணயத்தில் (ஸ்பானிய டொலர் என்பதும் இதுவே) மூன்றாம் ஜோர்ஜின் தலையைச் சிறு நீள்வட்டத்தில் குத்தி 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு விட்டார்கள். அதற்குப் பாவித்தது வெள்ளிப் பாத்திரங்களில் வரி அடையாளம் குத்தும் வகை அச்சு. அதைச் செய்ய எவராலும் முடிந்தது, கள்ள முத்திரை பெருகியது. 1804இல் எண்கோண அச்சுக்கு மாறினார்கள், அதுவும் போதாமல் அதே ஆண்டில் முழு நாணயத்தையும் திரும்ப அடித்து 5 ஷில்லிங் என்று விட்டார்கள். 1813இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் மக்வாரி 40,000 ஸ்பானிய டொலரின் நடுவைக் குடைந்தார். வளையத்துக்கு 5 ஷில்லிங், குடைந்த துண்டுக்கு 15 பென்ஸ் என்று இரண்டிலும் விலை குத்தினார்கள். முழு நாணயத்தைவிடத் துண்டுகளின் கூட்டு விலை அதிகமானதால் அதைக் கப்பலேற்றி வெளியே கொண்டுபோவதில் இலாபம் இல்லாமல் போனது. காகிதப் பணத்திலும் இது உண்டு: 1922ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஜெர்மனியின் 1,000 மார்க் தாளில் 1923இல் நூறு கோடி மார்க் என்று சிவப்பில் குறுக்கே அடித்தார்கள்.

சோதிக்கும் முறை முத்திரைக்குச் சொன்ன அதே வரிசைதான். முதலில் நாணயம், பிறகு மேல்முத்திரை, பிறகு தேய்வு. நாணயத்தின் ஆண்டு மேல்முத்திரையின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்கமுடியாது. குத்திய இடத்துக்கு நேர் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓங்கி அடித்த அடியில் அங்குள்ள உருவம் தட்டையாகியிருக்கும். முன்னால் ஆழமான குழி, பின்னால் எந்தத் தட்டையும் இல்லை என்றால் அது அச்சில் வார்த்த போலி. குழியின் கரையில் உலோகம் ஒதுங்கி எழும்பியிருக்கவேண்டும். நாணயம் முழுக்கத் தேய்ந்து வழுவழுத்திருக்க மேல்முத்திரையின் ஓரம் மட்டும் நகம் கீறுகிற கூர்மையோடு, குழிக்குள் அழுக்கேறாமல் வெள்ளையாக இருந்தால் அது நேற்றுக் குத்தியது.

வெள்ளியா என்று பார்க்க அமிலம் வேண்டாம், அது நாணயத்தைக் கெடுக்கும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும். ஸ்பானிய 8 ரியால் ஏறக்குறைய 27 கிராம். நாணயத்தை நிறுத்து எழுதுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தைத் தையல் நூலில் கட்டி, முழுதும் மூழ்க, அடியையோ கரையையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு 2.62 கிராம் காட்டினால் 27ஐ 2.62ஆல் வகுக்க 10.3 வரும். அது நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளியின் அடர்த்தி. 3 கிராமுக்கு மேல் காட்டினால் அது செம்போ நிக்கலோ கலந்த போலி. நாணயத்தில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், ஆகவே மெல்ல ஆட்டிக் குமிழை விடுவியுங்கள். முடிந்ததும் துடைத்துத் தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி உலரவிடுங்கள். புளியும் சாம்பலும் கொண்டு மினுக்குவது வேண்டவே வேண்டாம், மேல்முத்திரையின் வயதைச் சொல்லும் அந்தக் கறுப்பே சாட்சி.

கேள்வி (வட்டுக்கோட்டை): மகள் அமெரிக்காவிலிருந்து 1986ஆம் ஆண்டுச் சுதந்திரச் சிலை வெள்ளி டொலர் அனுப்பியிருக்கிறா. சர்சார்ஜ் 7 டொலர் என்று எழுதியிருக்கிறது. நாணயத்தில் எந்த மேல்முத்திரையும் காணவில்லையே?

பதில்: தேடவேண்டாம், இருக்காது. இது புத்த ஜயந்தி முத்திரையின் ‘+2’ போன்றது. அமெரிக்க நினைவு நாணயங்களை வாங்கும்போது விலைக்குள் ஒரு தொகை குறித்த நற்பணிக்குப் போகும். அந்த ஆண்டு நினைவு நாணயங்களில் அரை டொலருக்கு 2, வெள்ளி டொலருக்கு 7, தங்க 5 டொலருக்கு 35 டொலர் அப்படிப் போனது. அந்த 7 டொலர் நாணயத்தின் பெறுமதியில் சேராது. விற்கும்போது அதைத் திரும்ப எதிர்பார்க்கவும் முடியாது. வெள்ளியின் எடைக்கும் அதன் நிலைக்குமே விலை பேசுவார்கள். பெட்டியையும் சான்றுத்தாளையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி (அச்சுவேலி): சர்சார்ஜ் விழுந்தால் முத்திரையின் விலை கூடுமா குறையுமா? அல்பத்தில் எப்படி எழுதி ஒட்டுவது?

பதில்: இரண்டும் நடக்கும். தேங்கிய முத்திரையில் பெரும்பகுதியை எடுத்து மேலச்சு அடித்துவிட்டால், அடிக்காமல் தப்பிய பிரதியே அரிதாகிவிடும். சில நாள் மட்டும் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அடித்ததென்றால் சர்சார்ஜ்தான் அரிது. எத்தனை தாள் அடித்தார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கும், எழுத்தின் அழகு அல்ல. தனி முத்திரையைவிட, அந்தப் புதிய கட்டணத்தில் உண்மையாகப் போன கடித உறையை முதலில் வாங்குங்கள் என்று சொல்வோம்.

எழுதும்போது புதிய விலையை முன்னும் பழைய விலையைப் பின்னும் வைப்பது பட்டியல் வழக்கம்: ‘3 சதம், 20 சதத்தின் மேல், 1940’. அதன் கீழே நீர்க்குறி, துளைக் கணக்கு, சர்சார்ஜ் மையின் நிறம், கோடு உண்டா இல்லையா என்பவற்றை எழுதுங்கள். அடிமுத்திரையின் மேலச்சில்லாத பிரதியை இடதுபக்கத்தில் ஒட்டினால் பார்ப்பவருக்கு எது மாறியது என்று கேட்காமலே விளங்கும். எழுதுவது எச்.பீ. பென்சிலால், அல்பத் தாளில் மட்டும். முத்திரையின் பின்பக்கத்தில் எண் எழுதுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், பென்சில் அழுத்தம் முகப்பக்கத்தில் எழும்பினால் ஈய எழுத்துக் குத்திய தடத்தை அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.